முடிவு தெரிந்தும் ஏன் படிக்கிறேன்?

கேள்வி:

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள் நான். முழங்கால் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தபோது மருமகள் ஒரு பை நிறைய ஆங்கில நாவல்களைக் கொண்டுவந்து போட்டாள். எல்லாம் ஒல்லி ஒல்லியான புத்தகங்கள். இருநூறு வருஷத்துக்கு முந்தைய லண்டன், ஒரு பிரபு, ஒரு பெண், நாலு நடன விருந்து, நடுவில் ஒரு குழப்பம், கடைசியில் கல்யாணம். முதலில் கேலியாகத்தான் எடுத்தேன். இப்போது மாடிப்படி ஏறி இறங்குகிறேன், புத்தகத்தைத்தான் விட முடியவில்லை. 'பொன்னியின் செல்வ'னும் 'கடல் புறா'வும் படித்து வளர்ந்தவள் நான். என் வீட்டுக்காரர் நிஜ வரலாறு தவிர வேறெதையும் தொடமாட்டார். "இந்த வயசில் இதென்ன வெட்டி வேலை?" என்கிறார். பதில் சொல்லத் தெரியவில்லை. யார் யாரைக் கட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்பது பத்தாம் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. பிறகும் ஏன் படிக்கிறேன்? இதில் வரும் சரித்திரத்தை நம்பலாமா? அடுத்து எதைப் படிக்கலாம்?

ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்:

அம்மா,

பத்தாம் பக்கம் வரை ஏன் போக வேண்டும்? அட்டைப்படமே சொல்லிவிடுமே! ஸ்ரீரங்கத்தில் இருக்கிறீர்கள், சீதா கல்யாண உபன்யாசம் எத்தனையோ கேட்டிருப்பீர்கள். வில் ஒடியுமா ஒடியாதா என்ற கவலையோடு யாரும் போய் உட்காருவதில்லை. இன்றைக்கு இவர் அதை எப்படி ஒடிக்கப்போகிறார் என்று கேட்கத்தான் போகிறோம். முடிவைச் சொல்லிவிட்டுக் கதை ஆரம்பிக்கும் எழுத்தாளருக்கு ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. மர்ம நாவல்காரர் சுமாராக எழுதினாலும் கொலைகாரன் யார் என்ற ஆவலே நம்மைக் கடைசிவரை இழுத்துக்கொண்டு போய்விடும். இவருக்கு அந்தக் கயிறு இல்லை. பேச்சு சுவையாக இருக்க வேண்டும், ஆட்கள் உயிரோடு இருக்க வேண்டும், பக்கத்துக்கு ஒரு தடவையாவது உதட்டோரம் சிரிப்பு வர வேண்டும். இல்லையென்றால் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். நீங்கள் மூடவில்லை என்றால் எழுதியவர் வேலை தெரிந்தவர் என்று அர்த்தம்.

நீங்கள் படிப்பவற்றுக்கு ரீஜென்சி நாவல்கள் என்று பெயர். மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குச் சித்தம் கலங்கிப்போனதால் 1811 பிப்ரவரியில் அவர் மகன் ரீஜென்ட் ஆனார், அதாவது மன்னர் பெயரில் ஆட்சியை நடத்துபவர். 1820 ஜனவரியில் கிழவர் கண்ணை மூடும்வரை இதே ஏற்பாடு. மொத்தம் ஒன்பது வருஷம். இந்த ஒன்பது வருஷத்துக்குள் ஆங்கில நாவலாசிரியர்கள் குடிவைத்திருக்கும் டியூக்குகளை எண்ணி மாளாது. நிஜத்தில் அந்நாட்டு டியூக்குகள் அத்தனை பேரையும் ஒரு டவுன் பஸ்ஸில் ஏற்றிவிடலாம்.

ஏன் குறிப்பாக அந்தக் காலம்? காதல் கதைக்கு முதலில் வேண்டியது ஒரு தடை. இன்றைக்கு லண்டனில் இருக்கும் இருவருக்கு நடுவே ஒரு தடையைக் கண்டுபிடிப்பதற்குள் எழுத்தாளருக்குத் தாவு தீர்ந்துவிடும். ஒரு போன் போட்டால் தீர்கிற சந்தேகத்தை முந்நூறு பக்கத்துக்கு எப்படி இழுப்பது? 1815-இல் அந்தக் கஷ்டமே இல்லை. தடையைச் சட்டமே போட்டு வைத்திருந்தது. 1753-இல் வந்த திருமணச் சட்டப்படி இங்கிலாந்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும், அல்லது லைசென்ஸ் வாங்க வேண்டும். 21 வயது ஆகாதவருக்குப் பெற்றவர் சம்மதம் இல்லாமல் லைசென்ஸ் கிடையாது. அந்தச் சட்டம் ஸ்காட்லாந்தில் செல்லாது. எல்லையைத் தாண்டி, சாட்சி வைத்துக்கொண்டு நாங்கள் கணவன் மனைவி என்று சொன்னால் போதும். அதனால்தான் உங்கள் நாவல்களில் எல்லாரும் ராத்திரியோடு ராத்திரியாக வண்டி கட்டிக்கொண்டு எல்லையில் இருக்கும் கிரெட்னா கிரீன் என்ற சின்ன ஊருக்கு ஓடுகிறார்கள். லண்டனிலிருந்து 300 மைலுக்கு மேல். வழியில் குதிரை மாற்ற வேண்டும், அச்சு முறியும், மழை பிடிக்கும், அப்பா துரத்துவார். கதாசிரியர் எதையும் புதிதாகக் கற்பனை செய்ய வேண்டியதில்லை.

பணத்தின் கதையும் இப்படித்தான். கல்யாணம் ஆன நிமிஷத்திலிருந்து பெண்ணின் கையிலுள்ள பணம் கணவனுடையது. கட்டிய பெண் தன் சொத்தைத் தன் பெயரிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று முழுமையாகச் சட்டம் வந்தது 1882-இல்தான். அதற்கு முன்னால் வக்கீலை வைத்து முன்கூட்டியே ஒப்பந்தம் எழுதிக்கொள்ளத் தெரிந்த குடும்பத்துப் பெண்கள் மட்டும் தப்பித்தார்கள். அப்படியானால் யாரைக் கட்டுகிறோம் என்பது ஒரு பெண்ணின் வாழ்க்கையில் அவள் எடுக்கும் ஒரே பெரிய பொருளாதார முடிவு. நடன விருந்தில் விசிறிக்குப் பின்னால் நடக்கும் கிசுகிசு நமக்குச் சில்லறையாகத் தெரியலாம். அவளுக்கு அது சாப்பாட்டுப் பிரச்சினை.

தடை என்றால் நம் ஊரிலும் பஞ்சமில்லையே என்பீர்கள். இல்லைதான். ஆனால் நம் ஊர்த் தடையைப் பார்த்துச் சிரிக்க முடிகிறதா? சாதி பார்த்துப் பிள்ளைகளை வெட்டிப் போட்ட செய்தியைக் காலைப் பேப்பரில் படித்துவிட்டு, மாலையில் அதே தடையை வைத்து ஒரு கலகலப்பான கதை படிக்க யாருக்கு மனம் வரும்? ரீஜென்சி லண்டனின் கட்டுப்பாடுகள் அன்றைக்குக் கொடுமையானவை, ஆனால் செத்துப்போனவை. ஆல்மேக்ஸ் என்று ஒரு நடன மண்டபம் இருந்தது, கிங் தெருவில். புதன்கிழமைதோறும் விருந்து. உள்ளே போக அனுமதிச் சீட்டு வேண்டும். அதைக் கொடுப்பதா மறுப்பதா என்று தீர்மானிக்க ஆறேழு சீமாட்டிகள். பணம் இருந்தால் மட்டும் சீட்டுக் கிடைக்காது. கிடைத்து உள்ளே போனால் மெல்லிசாக வெட்டிய ரொட்டியும் வெண்ணெயும் லெமனேடும்தான். அந்தச் சீட்டுக் கிடைக்காததால் கல்யாணச் சந்தையில் விலைபோகாமல் நின்ற பெண்கள் உண்டு. அன்றைக்கு அவர்கள் அழுதிருப்பார்கள். இன்றைக்கு அந்தச் சீமாட்டிகளும் இல்லை, மண்டபமும் இல்லை; அவர்கள் மூக்கை உயர்த்திக்கொண்டு நிற்பதை நாம் பயமில்லாமல் வேடிக்கை பார்க்கலாம். உங்களை இழுப்பது இதுதான் என்று நினைக்கிறேன். கட்டு நிஜமானது, ஆனால் நம் கழுத்தில் இல்லை.

இந்த உலகத்தைக் கட்டியவர் ஜார்ஜெட் ஹேயர் என்ற ஆங்கிலேயப் பெண்மணி (1902–1974). உடம்பு சரியில்லாத தம்பிக்குப் பொழுது போக வேண்டும் என்று சொன்ன கதைதான் 1921-இல் அவருடைய முதல் நாவலாக வந்தது. அப்போது வயது 19. ரீஜென்சி பக்கம் அவர் வந்தது 1935-இல். பேட்டி கொடுக்கமாட்டார். தன் புத்தகங்களைப் பற்றி அவரே ஒரு கடிதத்தில் கேலி செய்திருக்கிறார்: இப்படிப்பட்ட அசட்டுத்தனத்தை எழுதுவதற்குத் தன்னைச் சுட வேண்டும், ஆனாலும் குண்டுவீச்சுக்குப் பதுங்கியிருக்கும்போதோ காய்ச்சல் விட்டுத் தேறும்போதோ தானே இதை விரும்பிப் படிப்பேன் என்ற பொருளில். முழங்கால் ஆபரேஷனையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

கேலி செய்தாரே தவிர, வேலையில் ஏமாற்றவில்லை. இறக்கும்போது ஆயிரத்துக்கு மேற்பட்ட சரித்திரக் குறிப்பு நூல்கள் அவர் வீட்டில் இருந்தன. எந்த வருஷம் மெழுகுவத்தி என்ன விலை, தொப்பி எந்த வடிவம், வண்டிக்காரன் எந்த வசவைச் சொல்லித் திட்டுவான் என்று நோட்டு நோட்டாக எழுதி வைத்திருந்தார். வாட்டர்லூ போர்த் தளபதி வெல்லிங்டன் பிரபு எழுதிய கடிதம் ஒன்றை விலைகொடுத்து வாங்கினார், அவர் நடையைப் பிடிப்பதற்காக. 1937-இல் வந்த 'ஆன் இன்ஃபேமஸ் ஆர்மி'யில் வெல்லிங்டன் பேசும் பேச்செல்லாம் அவர் நிஜமாகவே பேசியதோ எழுதியதோதான்.

அவருடைய புத்தகங்களில் ஒன்றை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 1953-இல் வந்த 'கோட்டிலியன்'. கிட்டி என்ற அநாதைப் பெண்ணை வளர்க்கும் கிழவர் மகா கஞ்சன். தன் உடன்பிறந்தவர்களின் பேரன்களில் ஒருவனைக் கட்டினால்தான் சொத்து என்கிறார். கிட்டிக்கு ஜாக் மேல் ஆசை. ஜாக் அழகன், சூரன், பெண்கள் விஷயத்தில் கில்லாடி. இப்படி ஒருவன் வந்தால் அவன்தான் கதாநாயகன் என்று நாம் பழகியிருக்கிறோம். ஜாக் வரவே இல்லை. கோபத்தில் கிட்டி, வந்தவர்களில் ஃப்ரெடி என்ற பையனைப் பிடித்து, பொய்யாக நிச்சயதார்த்தம் செய்துகொள்வோம், ஒரு மாதம் என்னை லண்டனுக்குக் கூட்டிக்கொண்டு போ என்று கெஞ்சுகிறாள்.

ஃப்ரெடிக்குப் பெரிய மூளை கிடையாது. இல்லை என்று அவனே சொல்வான். சட்டைக் காலர் எப்படி நிற்க வேண்டும், யாருக்கு எவ்வளவு குனிந்து வணக்கம் சொல்ல வேண்டும், இவைதான் அவன் சாஸ்திரம். கிட்டிக்கு ஊர் பார்க்க ஆசை. கிரேக்கத்திலிருந்து எல்ஜின் பிரபு பெயர்த்துக் கொண்டுவந்த சிலைகளைக் காட்ட அழைத்துப் போகிறான். உலகமே வாய் பிளக்கும் அந்தச் சிற்பங்களின் முன்னால் நின்று ஃப்ரெடி கண்டுபிடிப்பது, பாதிக்குத் தலையே இல்லை என்பது. ஏமாற்றிவிட்டார்கள் என்று பொருமுகிறான். அந்தக் காட்சியில் காதல் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் அலுத்துக்கொண்டே ஒருத்திக்காக ஊர் சுற்றுகிறவன் எப்படிப்பட்டவன் என்று நமக்கும் தெரிந்துவிடுகிறது, கிட்டிக்கும் மெல்ல மெல்லத் தெரிகிறது. சிக்கல் வரும்போது வீரவசனம் பேசுகிறவன் ஜாக். வண்டி பிடித்து, ஆளை அனுப்பி, காரியத்தை முடிக்கிறவன் ஃப்ரெடி. முடிவில் ஜாக்கை ஒரு குத்து விட்டுக் கீழே தள்ளுவதும் அவன்தான். தள்ளிவிட்டு அவனே அசந்துபோகிறான். முடிவு தெரிந்த கதை என்றீர்களே, அந்த எதிர்பார்ப்பை வைத்துக்கொண்டு எழுத்தாளர் நம்மிடமே ஒரு விளையாட்டு விளையாடுவதைப் பாருங்கள். கல்யாணம் நிச்சயம்தான். மாப்பிள்ளையை மாற்றிவிட்டார்.

ஹேயரின் நாவல்கள் அப்படியொன்றும் ஒல்லி இல்லை. உங்கள் மருமகள் கொண்டுவந்ததில் மேரியன் செஸ்னியின் புத்தகங்கள் இருந்திருக்க வேண்டும். கிளாஸ்கோவில் 1936-இல் பிறந்தவர். பிற்பாடு எம்.சி. பீட்டன் என்ற பெயரில் துப்பறியும் கதை எழுதிப் பெரும்புகழ் பெற்றார். அதற்கு முன் நூற்றுக்கு மேல் காதல் கதைகள், பெரும்பாலும் ரீஜென்சி. ஒரு மாலையில் முடிந்துவிடும். சின்னதாக எழுதுவதற்கு அந்தக் காலமே ஒரு வசதி செய்து கொடுத்திருக்கிறது. பார்லிமென்ட் கூடும் மாதங்களில் பிரபுக்கள் குடும்பத்தோடு லண்டன் வருவார்கள். வெயில் ஏறியதும் கிராமத்து மாளிகைக்குத் திரும்புவார்கள். அதுதான் சீசன். சில மாதத்துக்குள் மாப்பிள்ளை கிடைக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த வருஷம், அடுத்த வருஷம் அப்பாவிடம் பணம் இருக்குமோ இருக்காதோ. கெடு வைத்த கதை தானாகவே வேகம் பிடிக்கிறது.

செஸ்னியின் ஆறு புத்தக வரிசை ஒன்று, கிளார்ஜஸ் தெரு 67-ஆம் எண் வீட்டைப் பற்றியது. முந்தைய சொந்தக்காரர் தூக்கு மாட்டிக்கொண்டதால் ராசியில்லாத வீடு என்று பெயர். ஒவ்வொரு சீசனுக்கும் மலிவு வாடகைக்கு யாராவது வந்தால்தான் அங்கே இருக்கும் வேலைக்காரர்களுக்கு வயிறு நிறையும். சம்பளத்தில் கைவைக்கிறான் வீட்டு ஏஜென்ட். வேலையை விட்டுப் போகவும் முடியாது, ஏனென்றால் நன்னடத்தைக் கடிதம் இல்லாமல் அந்த ஊரில் வேறெங்கும் வேலை கிடைக்காது. ஆகவே பட்லரும் சமையல்காரனும் பாத்திரம் தேய்க்கும் பெண்ணும் கூடிப் பேசி, வாடகைக்கு வந்த பெண்ணுக்கு எப்படியாவது நல்ல இடத்தில் கல்யாணம் முடித்துவைக்கக் கிளம்புகிறார்கள். மாடியில் காதல், கீழே அடுப்படியில் கூலிப் பிரச்சினை. இரண்டையும் இத்தனை கொஞ்சப் பக்கத்தில் சிரிக்கச் சிரிக்கச் சொல்ல எத்தனை பேரால் முடியும்? பார்பரா கார்ட்லண்ட் எழுநூறுக்கு மேல் எழுதிக் குவித்தார். எனக்கு அவற்றில் ஒரு முகமும் நினைவில் நிற்பதில்லை. கனமில்லாத கதை வேறு, உள்ளே ஒன்றுமே இல்லாத கதை வேறு.

இனி சரித்திரத்தை நம்பலாமா என்ற கேள்வி. துணி, வண்டி, பேச்சு, பழக்கவழக்கம் இவற்றில் ஹேயரை நம்பலாம். எதைக் காட்டுகிறார் என்பதைவிட எதைக் காட்டவில்லை என்று கேட்டால்தான் சிக்கல். 1812-இல் நெசவு இயந்திரத்தை உடைத்தால் மரண தண்டனை என்று சட்டம் போட்டார்கள். 1819-இல் மான்செஸ்டரில் வாக்குரிமை கேட்டுக் கூடிய கூட்டத்தின்மேல் குதிரைப்படை பாய்ந்தது. தேநீரில் போட்ட சர்க்கரை கரீபியத் தீவுகளில் அடிமைகள் விளைவித்தது. காட்டாமல் விட்டதில் நம் நாடும் இருக்கிறது. ஹேயரின் 'பிளாக் ஷீப்' நாயகன், குடும்பத்தால் விரட்டப்பட்டு இந்தியாவுக்குப் போய்ப் பெரும் பணக்காரனாகத் திரும்பி வருகிறவன். எப்படிச் சம்பாதித்தான் என்று கதை துருவிப் பார்ப்பதில்லை. வேலூர்க் கலகம் நடந்தது 1806-இல். அதற்கு ஐந்து வருஷம் கழித்துத்தான் ரீஜென்சியே தொடங்குகிறது. உங்கள் திருச்சிச் சீமையெல்லாம் கம்பெனி கைக்குப் போய்ப் பத்து வருஷம் ஆகியிருந்தது. கதாநாயகியின் மஸ்லின் கவுனை ரசிக்கும்போது இந்த ஞாபகம் மூலையில் இருந்தால் நல்லது. ரசிக்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 'தி கிராண்ட் சோஃபி'யில் யூத வட்டிக்கடைக்காரன் ஒருவனை ஹேயர் சித்திரித்திருக்கும் விதம் அசிங்கமானது. அதுவும் ஹிட்லர் ஆட்சி முடிந்து ஐந்தே வருஷத்தில், 1950-இல். அந்த அத்தியாயம் வரும்போது எனக்குப் புத்தகம் கசந்துவிடுகிறது. பலருக்கு அதுதான் அவருடைய சிறந்த நாவல். எனக்கு இல்லை.

மருமகள் 'பிரிட்ஜர்ட்டன்' தொடரும் பார்த்திருப்பாள். ஜூலியா க்வின் நாவல்களை வைத்து 2020-இல் வந்தது. இரண்டாவது பாகத்தில் அக்கா தங்கையாக நடித்த சிமோன் ஆஷ்லி, சரித்ரா சந்திரன் இருவரும் தமிழ்க் குடும்பத்துப் பெண்கள். வரலாற்றை வைத்து அளந்தால் அந்த லண்டன் நடக்கவே நடக்காத லண்டன். ஆனால் விருந்துக்கு யாரை உள்ளே விடுவது என்று சீமாட்டிகள் தீர்மானித்த மண்டபத்தில் நம் பெண்கள் இரண்டு பேர் ராஜநடை போட்டு வந்தால், அதைச் சரித்திரப் பிழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வெட்டி வேலை என்கிறாரே உங்கள் வீட்டுக்காரர், அவருக்கு ஒரு செய்தி. ஹேயர் வாசகர் கடிதங்களைச் சேர்த்து வைப்பவர் அல்ல. அவர் பத்திரப்படுத்தியதாகச் சொல்லப்படுவது ஒன்றே ஒன்று. ருமேனியாவில் அரசியல் கைதியாகப் பன்னிரண்டு வருஷம் சிறையில் கிடந்த ஒரு பெண் எழுதியது. கையில் புத்தகம் இல்லை. 'ஃப்ரைடேஸ் சைல்ட்' கதையை நினைவிலிருந்து எடுத்து உடனிருந்த பெண்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னாராம். புத்தி பேதலிக்காமல் அவர்களை வைத்திருந்தது அதுதானாம். அந்த நாவலில் தத்துவமோ போராட்டமோ எதுவும் கிடையாது. உலகம் தெரியாத ஒரு சிறு பெண்ணும் பொறுப்பில்லாத ஒரு பையனும் அவசரத்தில் கல்யாணம் செய்துகொண்டு, பிறகு சாவகாசமாகக் காதலிக்கிறார்கள். அவ்வளவுதான்.

தமிழில் ஏன் இந்த வகை இல்லை என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அதுதான் தோன்றியது. கல்கிக்கு நகைச்சுவை அனாயாசமாக வரும். 'பொன்னியின் செல்வ'னில் வந்தியத்தேவன் எங்கெல்லாம் நுழைகிறானோ அங்கெல்லாம் நமக்குச் சிரிப்புதான். ஆனால் ஐந்து பாகத்தின் பாரம் சோழ சிம்மாசனத்தின் மேல் இருக்கிறது, காதல் அதன் காலடியில். சாண்டில்யன் கதைகளில் காதல் தாராளம், ஆனால் கப்பலும் போரும் கூடவே வரும். நம் சரித்திர நாவல் வளர்ந்தது, பழம்பெருமையை நினைவூட்ட வேண்டிய ஒரு காலத்தில். அரசனைப் பார்த்துச் சிரிக்க அதற்கு நேரமில்லை. இன்னொரு பக்கம் மாத நாவல்களில் கைக்கடக்கமான காதல் கதை ஏராளமாக வந்தது, எல்லாம் சமகாலம். தஞ்சை மராட்டிய அரண்மனையிலோ 1830-களின் மதராஸ் கறுப்பர் பட்டணத்து துபாஷ் வீட்டிலோ நூற்றைம்பது பக்கத்துக்கு ஒரு கலாட்டாக் கல்யாணம் எழுத யாராவது முன்வந்தால் நான் முதல் ஆளாக வாங்குவேன். ஆனால் எழுதுகிறவர் சாதியைத் தொடாமல் போக முடியாது. தொட்டால் சிரிப்பு எங்கே வரும்? அந்த முடிச்சு இன்னும் அவிழவில்லை என்பதால்தானோ என்னவோ நாம் லண்டனுக்கு வண்டி பிடிக்கிறோம்.

சரி, அடுத்து என்ன படிப்பது? 'கோட்டிலியன்' முதலில். கதையைச் சொல்லிவிட்டேனே என்று கவலைப்படாதீர்கள், அதற்குத்தான் மேலே சீதா கல்யாணம். அடுத்து 'ஃப்ரெடரிக்கா', 'வெனிஷியா'. 'எ சிவில் கான்ட்ராக்ட்' இப்போது வேண்டாம், கொஞ்சம் பொறுத்து எடுங்கள். கடன்பட்ட பிரபு ஒருவன், வேறொருத்தியை மனதில் வைத்துக்கொண்டு, பணத்துக்காக ஒரு வியாபாரியின் மகளைக் கட்டுகிறான். அவள் அழகியும் அல்ல. கடைசிவரை இடி மின்னல் எதுவும் இல்லை. ஹேயரின் ரசிகர்களிலேயே பாதிப் பேருக்கு அது பிடிக்காது. முப்பது நாற்பது வருஷம் குடித்தனம் நடத்தியவர்களுக்குப் பிடிக்கும். 'ஆன் இன்ஃபேமஸ் ஆர்மி'யை உங்கள் வீட்டுக்காரரிடம் கொடுங்கள். வாட்டர்லூ போரை அவ்வளவு துல்லியமாக எழுதிய நாவல் குறைவு. காதலும் இருக்கிறது என்பதை அவரே கண்டுபிடிக்கட்டும். செஸ்னியின் கிளார்ஜஸ் தெரு வரிசையை மட்டும் முன்பின்னாகப் படிக்காதீர்கள். 'தி மைசர் ஆஃப் மேஃபேர்'தான் முதல் புத்தகம். காதலர்கள் புத்தகத்துக்குப் புத்தகம் மாறிவிடுவார்கள். கீழே அடுப்படியில் இருப்பவர்களின் கதை மட்டும் ஆறாவது புத்தகம் வரை ஓடுகிறது.